கூரைக் கூடாரத்துக்கு ஒரு டிரெய்லர்: வாங்கி மாற்றுவதா, அடியிலிருந்து கட்டுவதா?

போன கோடையில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கும் தம்பி ஒருவர், ராவ்4 ஹைபிரிட் வைத்திருக்கிறார். பெர்த்தில் இருக்கும் நண்பர், ஹைலக்ஸ் பிக்கப். மூன்றாவது எங்கள் மெல்பர்ன் தெருவிலேயே இருக்கும் அக்கா குடும்பம்: இரண்டு பிள்ளைகள், கூடவே ஆண்டுக்கு நாலு மாதம் மதுரையிலிருந்து வந்து தங்கும் அம்மா. மூவருக்கும் கூரைக் கூடாரம், அதாவது கார்க் கூரைமேல் மடித்து வைத்து இரவில் விரித்து ஏறிப் படுக்கும் ரூஃப்டாப் டென்ட், பிடித்துப்போயிற்று. அதை ஒரு டிரெய்லர் மேல் வைத்து மண் சாலைகளில் இழுத்துப் போக வேண்டும். டிரெய்லரைச் சொந்தமாகச் செய்வதா, எதையாவது வாங்கி மாற்றுவதா, அல்லது டிரெய்லரே வேண்டாமா என்பதில் மூவரும் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

நான் இரண்டு டிரெய்லர் செய்திருக்கிறேன். முதலாவது, கடையில் வாங்கிய பாக்ஸ் டிரெய்லரை, அதாவது திறந்த தொட்டி வைத்த சாதாரணச் சிறு டிரெய்லரை, மாற்றியது. இரண்டாவது, இரும்புக் குழாயிலிருந்து தொடங்கியது. இரண்டிலும் கற்றதை வைத்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

## முதலில், எதை வைத்துத் தீர்மானிப்பது?

எடை. மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். டிரெய்லர் காரோடு மாட்டி நிற்கும்போது அதன் சக்கரங்கள் தாங்கும் மொத்த எடைக்கு இங்கே ஜிடிஎம் என்று பெயர். கொக்கி வழியாகக் காரின் மேல் இறங்கும் எடையையும் சேர்த்தால் ஏடிஎம். ஒற்றை அச்சு டிரெய்லரின் ஜிடிஎம் 750 கிலோவுக்குள் இருந்தால் அதற்கு பிரேக் தேவையில்லை. அதைத் தாண்டி 2000 கிலோ வரை ஒரு அச்சிலாவது பிரேக் வேண்டும். 2000-க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், கூடவே கொக்கி கழன்று ஓடினால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

காருக்கும் தனி வரம்பு உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கப் பெரும்பாலான பெரிய கார்களுக்கு 750 கிலோ. ஹைலக்ஸ் பிரேக் உள்ள டிரெய்லரை 3500 கிலோ வரை இழுக்கும் என்றாலும், பிரேக் இல்லாவிட்டால் அதற்கும் 750 கிலோதான்.

750 கிலோ நிறைய என்று தோன்றும். ஏழுக்கு நாலு அடி டிரெய்லரில் ஒரு குடும்பத்துக்கு நான் போடும் கணக்கு இது:

- அடிப்பாகம் பலப்படுத்திய வெற்று டிரெய்லர், ஸ்பேர் சக்கரத்தோடு: 330 கிலோ
- கூடாரத்தைத் தாங்கும் ரேக்கும் கூடாரமும்: 90
- தண்ணீர் 80 லிட்டர்: 80
- மூடி, கதவுகள்: 40
- ஃப்ரிட்ஜ், உள்ளே சாப்பாட்டோடு: 40
- பேட்டரி, சோலார் பலகை, வயர்: 30
- அடுப்பு, கேஸ், பாத்திரம்: 35
- பக்கவாட்டுப் பந்தல்: 15
- துணி, படுக்கை, நாற்காலி: 60
- கருவிகள், வண்டி சிக்கினால் மீட்கும் சாமான்: 30

கூட்டினால் 750. விறகு, பிள்ளைகளின் சைக்கிள், கூடுதல் டீசல் கேன் எதுவும் இதில் இல்லை. வீட்டில் செய்யும் டிரெய்லர்கள் பலவற்றில் இந்தக் கணக்கு கடைசியில்தான் போடப்படுகிறது. அதை முதல் நாளே போட வேண்டும்.

பாதை. மண் சாலை எல்லாம் ஒன்றல்ல. மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் ஓடும் ஊட்னடாட்டா பாதையும், மேற்கு ஆஸ்திரேலியாவின் 660 கிலோமீட்டர் கிப் ரிவர் ரோடும் பெரும்பாலும் தட்டையானவை; ஆனால் துவைக்கும் பலகை மாதிரி அலையலையாகக் கிடப்பவை. ஒரு நாள் முழுக்க அந்த அதிர்வில் ஓடினால் போல்ட், வெல்டிங், மட்கார்டு எல்லாம் சோதிக்கப்படும். விக்டோரியாவின் மலைப்பகுதியில், டார்கோ, வொன்னங்காட்டா பக்கம், செங்குத்தும் சேறும் இறுக்கமான வளைவுகளும். அங்கே டிரெய்லரின் நீளமும் பிரேக்கும் கொக்கியும்தான் கேள்வி. காரி (K'gari, முன்பு ஃப்ரேசர்) தீவின் மணலில் எடையும் டயரும். சிம்ப்சன் பாலைவனம் என்றால், அங்கே டிரெய்லரே கொண்டுவர வேண்டாம் என்றுதான் அறிவுறுத்துகிறார்கள். உங்கள் பயணங்களில் பத்தில் எட்டு எங்கே என்று பாருங்கள்.

பதிவு. 4.5 டன்னுக்குள் உள்ள டிரெய்லர்களுக்கு விஎஸ்பி 1 என்ற மத்திய அரசின் கையேடு இருக்கிறது. விளக்கு, பிரதிபலிப்பான், பாதுகாப்புச் சங்கிலி, கொக்கி, தகவல் தகடு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் உண்டு. 2021 ஜூலையிலிருந்து புதிய வாகனத் தரச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முன்னால் கட்டியவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். இரும்பு வாங்கும் முன் உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

முகாம் பழக்கம். ஒரே இடத்தில் மூன்று நாள் தங்குபவரா, தினமும் இடம் மாறுபவரா? டிரெய்லர் வேண்டுமா என்பதையே இது தீர்மானித்துவிடும்.

கையும் நேரமும். வெல்டிங் தெரியுமா என்பதோடு, வெல்டிங் செய்ய இடம் இருக்கிறதா, வார இறுதிகள் இருக்கின்றனவா என்பதும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

## 1. டிரெய்லரே இல்லாமல், காரின் கூரையில்

மலிவும் எளிதும் இதுதான். பதிவு இல்லை, கூடுதல் டயர் இல்லை, பின்னால் எடுக்கும் தலைவலி இல்லை. குறுகலான மலைப்பாதையில் வழி தவறினால் திரும்பி வரலாம்; டிரெய்லரோடு அதே இடத்தில் நின்றால் இறங்கிக் கழற்றித் தள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் கூரையின் தாங்குதிறனைப் பாருங்கள். ஓடும்போது தாங்கும் அளவு பல கார்களில் 75 அல்லது 80 கிலோ என்றுதான் கையேட்டில் இருக்கும். ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி. கரடுமுரடான பாதையில் அந்த அளவை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள் ரேக் செய்பவர்கள். 60 கிலோ கூடாரம் வைத்தால் மேலே வேறெதற்கும் இடமில்லை என்று அர்த்தம். இரவு நாம் ஏறிப் படுப்பது வேறு கணக்கு. நிற்கும் வண்டியின் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

வெளியே தெரியாத செலவு: கடை வாகன நிறுத்தத்தில் கூரை இடிக்கும், எரிபொருள் கூடும், பெரிய எடை உச்சியில் இருப்பதால் பக்கச் சரிவில் வண்டி கூடுதலாக ஆடும். எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. காலையில் ஐஸ் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமென்றால் முழுக் கூடாரத்தையும் மடிக்க வேண்டும். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டும்.

இரண்டு பேர், தினமும் நகரும் பயணம், மலை அல்லது பெரும் மணல்மேடு என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

## 2. பாக்ஸ் டிரெய்லரை வாங்கி மாற்றுவது

நம்மில் அதிகம் பேர் தொடங்குவது இங்கேதான். நானும் அப்படித்தான். ஏழுக்கு நாலு அடி, கால்வனைஸ் செய்தது (துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசியது), பதிவோடு வரும். ஒரு சனிக்கிழமை ரேக் செய்து மேலே கூடாரத்தைப் போல்ட் போட்டால் அடுத்த வாரமே கிளம்பலாம் என்பது கணக்கு.

நான் கிளம்பினேன். மில்டுராவிலிருந்து முங்கோ தேசியப் பூங்காவுக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பெரும்பகுதி மண் சாலை. போகும்போதே ஒரு பக்க மட்கார்டின் வெல்டிங் விட்டது. திரும்பும்போது அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யு-போல்ட்டின் நட்டுகள் தளர்ந்து, அச்சு ஒரு பக்கம் சற்றுப் பின்னால் நகர்ந்திருந்தது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மனைவியும் பிள்ளைகளும் காரில் இருந்தார்கள். அன்று மில்டுரா வரை மணிக்கு 40-ஐத் தாண்டாமல் வந்தோம்.

அந்த டிரெய்லரில் குறை என்று சொல்ல மாட்டேன். அது தோட்டக் குப்பையைக் கொட்டிவிட்டு வருவதற்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலான பாக்ஸ் டிரெய்லர்களில் வழுக்கு ஸ்பிரிங் இருக்கும். லாரிகளில் பார்க்கும் அடுக்குப் பட்டைதான். ஆனால் பின்முனை ஒரு பிடிப்பில் போல்ட் இல்லாமல் சும்மா நழுவிக்கொண்டிருக்கும். தார்ச் சாலைக்குப் போதும். அலைச் சாலையில் தடதடவென்று அடிக்கும். முதல் பட்டை உடைந்தால் அச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

அதனால் கரடுமுரடான பாதைக்கு மாற்றுவதென்றால் ரேக் போடுவதோடு முடியாது. குறைந்தபட்சப் பட்டியல்:

இரண்டு முனையிலும் போல்ட் போடும் கண் உள்ள ஸ்பிரிங்கும், அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற அசையும் பிடிப்பும். காரின் சக்கரத்துக்குப் பொருந்தும் ஹப், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி. ஹைலக்ஸ், பிராடோ வகையறாவுக்கு ஆறு ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்), 139.7 மில்லிமீட்டர் வட்டம். அப்படிப் பொருத்தினால் ஒரே ஸ்பேர் சக்கரம் இரண்டுக்கும் ஆகும்; அச்சின் அகலமும் காருக்கு ஒத்திருந்தால் மணலில் காரின் தடத்திலேயே டிரெய்லரும் உருளும். பெரிய சக்கரம் போட்டால் அதற்கேற்பத் தடித்த அச்சும் புதிய மட்கார்டும். டிரா-பார், அதாவது தொட்டியிலிருந்து கொக்கி வரை நீளும் முன்கை, குட்டை என்றால் அதை நீட்டுவது. குட்டை டிரா-பார் பின்னால் எடுக்கும்போது சட்டென்று மடங்கும், காரின் பின்கதவையும் திறக்கவிடாது.

இந்தப் பட்டியலை முடித்துப் பார்த்தால் பழைய டிரெய்லரில் மிஞ்சுவது தொட்டி மட்டும்தான். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கால்வனைஸ் செய்த இரும்பில் வெல்டிங் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்டிங் போடும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுதாக அரைத்து எடுங்கள், முகமூடி போடுங்கள், திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போனால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். எனக்கு வந்தது. அரைத்து எடுத்த இடத்தில் துரு வேகமாகப் பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் துத்தநாகப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று தூசி. வண்டி ஓடும்போது டிரெய்லரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, பின்கதவின் இடுக்கு வழியாகச் செம்மண் உள்ளே இழுக்கப்படும். பாக்ஸ் டிரெய்லரின் பின்கதவு மண் கொட்டுவதற்கென்று செய்தது, அது மூடி நிற்காது. ரப்பர் பட்டை ஒட்டினாலும் ஓரளவுக்குத்தான். நான் கடைசியில் பின்கதவை வெல்டிங் வைத்தே மூடிவிட்டு, பக்கத்தில் கதவு போட்டேன்.

இது யாருக்கு? நல்ல மண் சாலை, கடற்கரை முகாம், கிராம்பியன்ஸ் போன்ற இடங்கள், ஆண்டுக்கு நாலைந்து பயணம். கூரைக் கூடாரமும் டிரெய்லரும் தங்களுக்கு ஒத்துவருமா என்று இன்னும் உறுதியாகத் தெரியாதவர்களுக்கும் இதுதான். பிடிக்கவில்லை என்றால் ரேக்கைக் கழற்றிவிட்டால் மறுபடி வீட்டு வேலைக்கு ஆகும். விற்றாலும் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பும்.

## 3. அடியிலிருந்து சொந்தமாகக் கட்டுவது

என் மனம் இருப்பது இங்கே. அதனாலேயே இதன் சங்கடங்களை முதலில் சொல்கிறேன்.

நேரம். எனக்குப் பதினொரு மாத வார இறுதிகள் போயின. அதில் வெல்டிங் செய்த நேரம் கொஞ்சம்தான். மீதி அளப்பது, வெட்டுவது, பொருளுக்குக் காத்திருப்பது, தப்பாகச் செய்ததை அரைத்து எடுப்பது. செலவு கடையில் வாங்கும் புது பாக்ஸ் டிரெய்லரைவிடப் பல மடங்கு. காசு மிச்சமாகும் என்று யாராவது இதில் இறங்கினால் நான் தடுப்பேன்.

கிடைப்பது என்ன என்றால், ஒவ்வொரு கிலோவும் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். டிரா-பாருக்கு 100×50×3 மில்லிமீட்டர் செவ்வகக் குழாய், மீட்டருக்கு ஆறரை கிலோ சொச்சம். சுற்றுச் சட்டத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் 75×50×3, மீட்டருக்கு ஐந்தரை கிலோவுக்குள். ஏழுக்கு நாலு அளவுக்குச் சட்டம் மொத்தமும் 85 கிலோவில் முடியும். இதையே பலமாக இருக்கட்டும் என்று 4 மில்லிமீட்டர் தடிமனில் செய்தால் ஏறக்குறைய 25 கிலோ கூடும். அது 25 லிட்டர் தண்ணீர். நாலு பேர் குடும்பத்துக்கு வெயில் காலத்தில் ஒன்றரை நாளின் குடிநீர்.

தடிமனைவிட முக்கியம் வெல்டிங் எங்கே விழுகிறது என்பது. டிரா-பார் கை இரண்டும் சட்டத்தின் முன்விளிம்பில் ஒட்டி நின்றுவிடக் கூடாது. சட்டத்துக்கு அடியில் ஓடி, முன் ஸ்பிரிங் பிடிப்பு வரை போக வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் குறுக்காக வெல்டிங் கோடு இழுத்தால் விரிசல் அங்கேயிருந்துதான் தொடங்கும். அச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொக்கியின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைக்கும் நாடா பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த அளவை ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்தேன்.

அச்சை எங்கே வைப்பது என்பதும் உங்கள் கையில். கொக்கியில் இறங்கும் எடை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது இங்குள்ள வழக்கமான அளவு. கொக்கிக்கும் அச்சுக்கும் 2.6 மீட்டர் என்றால், சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடை மையம் அச்சுக்கு 26 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் இடம் இதில் பெரிய விஷயம். 80 லிட்டர் தொட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாலிருந்து அரை மீட்டர் முன்னால் நகர்த்தினால் கொக்கியில் 46 கிலோ கூடும். அச்சுக்குப் பின்னால் எடை மிகுந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். அது வேகத்தில் வந்தால் அடக்குவது மிகக் கடினம். அதனால் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் வையுங்கள். தண்ணீர் தீரத் தீர அளவு அதிகம் மாறாது.

ஸ்பிரிங் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் சுருள் வடிவ காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரோடு ஒரு கட்சி. முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இன்னொன்று. காயில் மென்மை, கூடாரத்துக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நல்லது, அச்சு இடிக்காது. ஆனால் அதை வெல்டிங் வைக்கும்போது சக்கரத்தின் சாய்வும் கோணமும் தப்பினால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு, டயரைத் தின்னும். பட்டையில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் அதிர்வு கொஞ்சம் தானே அடங்கும். காயிலுக்கு அந்தக் குணம் இல்லை, ஷாக் அப்சார்பர் செத்தால் துள்ளும். முதல்முறை கட்டுபவருக்கு நான் சொல்வது இரு கண் பட்டை ஸ்பிரிங்தான். உடைந்தாலும் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் மாற்றித் தருவார். ஒரு பட்டையைக் கூடவே கட்டிக்கொண்டும் போகலாம்.

பிரேக் போடுங்கள், 750-க்குள் இருந்தாலும். நான் எலக்ட்ரிக் பிரேக் போட்டேன். காருக்குள் கட்டுப்பாட்டுக் கருவி வைக்க வேண்டும், அது தனிச் செலவு. தள்ளுவிசையில் தானே பிடிக்கும் ஓவர்ரைடு பிரேக் மலிவு. ஆனால் செங்குத்து இறக்கத்தில் நம் விருப்பப்படி அதை இயக்க முடியாது, மேட்டில் பின்னால் எடுக்கும்போது பூட்டை மாட்டாவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தை கால்வனைஸ் செய்ய அனுப்புவதாக இருந்தால் மூடிய குழாய் ஒவ்வொன்றிலும் காற்று போக ஓட்டை போட்டிருக்க வேண்டும். துத்தநாகக் குளியல் 450 டிகிரி. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் குழாயையே வெடிக்க வைத்துவிடும். நான் ஓட்டை இல்லாமல் சட்டத்தைக் கொண்டுபோனபோது, ஓட்டை போட்டு வரச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரி.

இது யாருக்கு? ஏற்கெனவே ஒரு டிரெய்லரை இழுத்துப் பழகி, தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தெரிந்தவருக்கு. நீண்ட அலைச் சாலைப் பயணத்துக்கு. முக்கியமாக, கட்டுவதே பிடித்தவருக்கு.

## 4. பழைய ராணுவ டிரெய்லர்

இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்காகச் செய்த கால் டன் டிரெய்லர்தான் இந்த வகைக்கெல்லாம் மூதாதை. ஆற்றில் மிதக்கும்படிக்கூட அதைச் செய்தார்கள். பிற்கால ராணுவ டிரெய்லர்கள் இங்கே ஏலத்தில் அவ்வப்போது வரும். பார்க்க அழகு, தொட்டி அசையாது. ஆனால் இரும்பு கனம், கொக்கி வளையத்தை மாற்ற வேண்டும், விளக்கு வயரிங் புதிதாக இழுக்க வேண்டும், பேரிங்கும் ஸ்டட் அளவும் இன்றைய வண்டிக்குப் பொருந்தாது. தகவல் தகடு இல்லாதது என்றால் பதிவுக்கு அலைய வேண்டும். பழைய வண்டிகளில் ஆசை உள்ளவர்கள் எடுங்கள், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

## 5. யாரோ பயன்படுத்திய கேம்பர் டிரெய்லர்

கேம்பர் என்பது விரியும் துணிக்கூடாரமும் சமையல் வசதியும் சேர்ந்தே வரும் முகாம் டிரெய்லர். இதைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். அச்சு, பிரேக், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பதிவு எல்லாம் முதல் உரிமையாளர் செலவில் முடிந்திருக்கும். துணிக்கூடாரம் கிழிந்துபோனதைக் குறைந்த விலைக்கு வாங்கி, துணியை எடுத்துவிட்டு மேலே கூரைக் கூடாரம் வைக்கலாம். பெர்த் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்.

அடியில் படுத்துப் பாருங்கள். டிரா-பார் சட்டத்தைத் தொடும் இடத்தில் விரிசல் அல்லது புதிதாகப் பெயிண்ட் அடித்த தடம், ஸ்பிரிங் பிடிப்பில் வளைவு, ஹப்பில் கிரீஸ் கசிவு. அப்புறம் எடை. வெறும் டிரெய்லரே 900, 1000 கிலோ இருக்கும். சிறிய கார்க்காரர்களுக்கு இந்த வழி அங்கேயே மூடிவிடுகிறது.

## ஒரே பார்வையில்

| | காரின் கூரை | பாக்ஸ் டிரெய்லரை மாற்றுவது | அடியிலிருந்து கட்டுவது | ராணுவ டிரெய்லர் | பழைய கேம்பர் |
|---|---|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | குறைவு, பிறகு ஏறும் | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| தெரியாத செலவு | எரிபொருள், ரேக் | ஸ்பிரிங், அச்சு, சக்கரம் | கருவிகள், கால்வனைஸ், நேரம் | உதிரிப் பொருள், பதிவு | பழுது, டயர், பேரிங் |
| எடை | கூரை வரம்புக்குள் | 750-ஐ ஒட்டி | நீங்கள் கட்டுவது போல | கனம் | மிகக் கனம் |
| பதிவு | தேவையில்லை | ஏற்கெனவே உண்டு. மாற்றத்தைக் கேட்க வேண்டும் | புதிதாக எடுக்க வேண்டும் | சிக்கலாகலாம் | உண்டு |
| அலைச் சாலை | நல்லது | அடிப்பாகம் மாற்றினால் மட்டும் | மிக நல்லது | நல்லது | வண்டியைப் பொறுத்து |
| மலைப்பாதை | மிக நல்லது | சிரமம் | பிரேக், நல்ல கொக்கியோடு | சிரமம் | கடினம் |
| தங்கும் முகாம் | சங்கடம் | நல்லது | மிக நல்லது | நல்லது | மிக நல்லது |

## டிரெய்லர் என்று முடிவானால்

கொக்கியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வழக்கமான 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கி ஓரளவுக்கு மேல் புரளாது. கார் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும் பள்ளத்தில் அது முறுகும். டிஓ35, டிரெக் போன்ற பல திசைக் கொக்கிகள் இதற்காகவே வந்தவை.

ரேக்கின் கால்கள் சட்டத்தில் இறங்க வேண்டும், தகரச் சுவரில் அல்ல. கூடாரம் 60, பெரியவர் இருவரும் பிள்ளை ஒன்றும் 180 என்றாலே இரவில் 240 கிலோ மேலே நிற்கிறது. அவர்கள் புரண்டு படுக்கவும் செய்வார்கள். மூலைவிட்டமாகக் குறுக்குக் கம்பி கட்டாயம். காரிலிருந்து கழற்றிய ஒற்றை அச்சு டிரெய்லர் ஊஞ்சல் மாதிரி, அதனால் நாலு மூலையிலும் ஊன்றுகால் இல்லாமல் யாரையும் ஏறவிடாதீர்கள்.

ரேக் உயரத்தில் ஒரு இழுபறி உண்டு. தாழ்வாக வைத்தால் கூடாரம் காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், காற்று மோதாது, ஏறுவதும் எளிது. ஆனால் கீழே டிரெய்லரின் மூடி திறக்க இடமிருக்காது. கூடாரத்தோடு வரும், அதன் அடியில் தொங்கி ஓர் அறையாகும் கீழ் அறைத்துணியும் கார்க் கூரையின் உயரத்துக்கு வெட்டியது. தாழ்வான டிரெய்லரில் அது தரையில் புரளும். நான் மூடியை விட்டுவிட்டுப் பக்கக் கதவுகளுக்குப் போனது இதனால்தான்.

கடினக் கூடு கூடாரம் ஒரு நிமிடத்தில் திறக்கும், மழையில் அந்த ஒரு நிமிடம் பெரிய வரம். மடித்து விரிக்கும் துணிக் கூடாரம் மடித்த அளவைப்போல் இரு மடங்கு விரியும், குடும்பத்துக்கு இடம் அதில்தான் கிடைக்கும்.

சிட்னித் தம்பியின் ராவ்4 ஹைபிரிட் நாலு சக்கர இயக்கம் கொண்டது. பிரேக் உள்ள டிரெய்லரை 1500 கிலோ வரை இழுக்கலாம். அதே காரின் இரு சக்கர இயக்க வகை என்றால் 480-தான், பேச்சே இல்லை. அவர் இன்னும் எதையும் இழுத்ததில்லை. ஒரு வார இறுதிக்கு வாடகை பாக்ஸ் டிரெய்லர் எடுத்து, சாதாரணக் கூடாரத்தோடு போய்வரச் சொன்னேன். போய்வந்தார். இப்போது கூடாரத்தைக் கார் மேலேயே வைப்பதாக இருக்கிறார்.

எங்கள் தெரு அக்காவுக்கு மட்டும்தான் நேராகப் பாக்ஸ் டிரெய்லர் என்று சொன்னேன். அவர்கள் போவது லேக்ஸ் என்ட்ரன்ஸ் பக்கம், கடற்கரை, மூன்று நாள் நான்கு நாள் ஒரே இடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற மாட்டார். பிள்ளைகள் மேலே, கீழ் அறையில் அம்மாவுக்கு ஒரு மடக்குக் கட்டில். கீழ் அறைத்துணி தரைக்குச் சரியாக வர வேண்டும் என்பதற்காக ரேக்கைச் சற்று உயரமாகவே செய்கிறோம். இந்தச் சனிக்கிழமை ரேக்கின் கால்களில் துளை போடும் வேலை. அதற்கு முன் வெற்று டிரெய்லரைப் பொது எடைமேடையில் ஏற்றி எடையை எழுதி வைத்தோம்: 268 கிலோ. 750-இல் மிச்சம் 482.